28 லிட்டர் ஓடிஜி, இரண்டு ஆண்கள், இரண்டு கேக்

ஓடிஜி (கேக் சுட, டோஸ்ட், கிரில் செய்ய உதவும் மின்சார அடுப்பு) வாங்கலாமா என்று ஆன்லைனில் ரிவ்யூ தேடினால் பாதிப் பேர் "மனைவிக்கு வாங்கிக் கொடுத்தேன், ரொம்ப சந்தோஷப்பட்டாள்" என்று ஐந்து ஸ்டார் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கேக் வெந்ததா, மேலே கருகியதா, ஒரு வார்த்தை கிடையாது. சரி, நான் எழுதுகிறேன். பெரம்பூரில் வாடகை வீடு, மனைவி என்று யாரும் இல்லை, நானும் என் வீட்டுக்காரரும்தான் (ஓனர் இல்லை, என் துணை). அவன் தூத்துக்குடிக்காரன், கத்தோலிக்கன். நான் மதுரை, முட்டை போட்ட கேக்கையே கல்லூரியில்தான் முதலில் தின்றவன். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. இந்த விலையில் வருவதெல்லாம் ஏறக்குறைய ஒரே டப்பாதான், குமிழ் மட்டும் வேறு.

2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்க முடியாது, அது நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டிவியை அணைத்துவிட்டு இவன் போனை எடுத்து, மாதக்கணக்கில் கார்ட்டில் கிடந்த ஓடிஜியை ஆர்டர் போட்டுவிட்டான். பண்டிகை சேல் விலை, ஆறாயிரத்துச் சொச்சம். "சீர்வரிசையில வரவேண்டியது, நாமளே வாங்கிக்குவோம்" என்றான். அதற்கு முன்பு மாவைக் கலந்து டப்பாவில் எடுத்துப்போய் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவோம். பெரம்பூர், வேப்பேரி பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இது பழைய வழக்கம். டிசம்பரில் அங்கே வரிசையில் நிற்கும் அத்தனை அம்மாக்களும் "வீட்ல யாரு தம்பி மாவு கலக்கினது?" என்று தொடங்கி "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று முடிப்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பியதற்கே இந்த மெஷினுக்கு ஒரு ஸ்டார் தரலாம்.

பார்சல் ஒழுங்காக வந்தது. இரண்டு பேக்கிங் தட்டு, ஒரு கம்பித் தட்டு, கோழி சுடும் கம்பி, இடுக்கி. டெமோவுக்குப் போன் வந்தது. "மேடம்கிட்ட குடுங்க சார், எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்றேன்." மேடம் இல்லை, எனக்கே சொல்லுங்கள் என்றேன். "மேடம் வந்ததும் கூப்பிடுங்க சார்" என்று வைத்துவிட்டார். டெமோ அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம், எந்த ரிவ்யூவிலும் இல்லாதது: பிளக். இது 1600 வாட், அதாவது ஏழு ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் சின்னப் பாயிண்ட்டில் செருகினால் பிளக்கே இளகிவிடும். 15 ஆம்பியர் பவர் பாயிண்ட் வேண்டும். எங்கள் அடுப்படியில் அது கிடையாது, சுவரில் கைவைக்க வீட்டு ஓனர் விடமாட்டார். பவர் பாயிண்ட் இருப்பது இரண்டாவது படுக்கையறையில், ஏசிக்காக விட்ட இடத்தில். அந்த அறை பெயருக்கு 'என் அறை'. ஊரிலிருந்து யாராவது வந்தால் காட்டுவதற்கு ஒரு ஒற்றைக் கட்டில், மடிப்புக் கலையாத ஒரு பெட்ஷீட், சும்மா கொஞ்சம் புத்தகம். கட்டில் பக்கத்து மேசையில்தான் ஓடிஜி உட்கார்ந்திருக்கிறது. இவன் அத்தை ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "தூங்குற ரூம்ல எதுக்குப்பா அடுப்பு?" என்றார். ராத்திரி பசிக்கும் அத்தை என்று சொல்லிச் சமாளித்தோம். வைக்கும்போது சுவரிலிருந்து நாலு விரல் அல்ல, ஒரு சாண் தள்ளியே வையுங்கள், கண்ணாடிக் கதவும் பக்கத் தகடும் நன்றாகச் சுடும். முதல் தடவை வெறுமனே இருபது நிமிடம் ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்துவையுங்கள். தகட்டில் பூசிய எண்ணெய் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம்.

கேக்குக்கு வருவோம். அக்டோபரிலேயே திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் பொடியாக நறுக்கி ரம்மில் ஊறப்போட்டுவிடுவான், ஜாடி பிரிட்ஜுக்கு மேலே நிற்கும். பழம் அரை கிலோ, மைதாவும் வெண்ணெயும் சீனியும் கால் கிலோ, முட்டை ஐந்து. சீனியைக் கருக்கும் வேலை மட்டும் அவனுடையது. நான் கிராம்பு, பட்டை, சாதிக்காய், சுக்கு இடிப்பேன். குமிழை 150-இல் வைத்தால் உள்ளே 175 காட்டுகிறது (தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டுத்தான் கண்டுபிடித்தோம், முந்நூறு நானூறு ரூபாய்தான், இதை வாங்காமல் ஓடிஜி வாங்காதீர்கள்). அதனால் 125 பக்கம் வைத்து, கீழ்க்கம்பியை மட்டும் போட்டு, ஒன்றேகால் மணி நேரம். நாற்பதாவது நிமிடத்தில் மேலே ஃபாயில் போர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வேகும் முன்பே மேல்தோல் கறுத்துவிடும். டைமர் அறுபது நிமிடத்துக்கு மேல் திரும்பாது. 'டிங்' என்று அணைந்ததும் ஓடிப்போய் மறுபடி திருக வேண்டும், மறந்தால் கேக் நடுவில் களி. கரண்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: முழு நேரமும் கம்பி எரிவதில்லை, ஒரு முறைக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது.

28 லிட்டர் எதற்கு, இரண்டு பேருக்கு 16 போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டு டின் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இவன் 23 அல்லது 24 ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவான், தனியாகத்தான். அதனால் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் 25 கிடையாது, திருவருகைக் காலத்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள் வரும் காலம்) மூன்றாம் ஞாயிறு, ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். காலையில் லூர்து மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து பால்கனியில் ஸ்டார் கட்டுவான், குடிலுக்குக் கேழ்வரகு முளைவிட்டிருக்கிறதா என்று பார்ப்பான், மத்தியானம் கேக். ஒரு டின் எங்களுக்கும் மாடிவீட்டுக்கும், இன்னொன்று 'கூட இருக்கிற பையன் செஞ்சது' என்ற பெயரில் தூத்துக்குடிக்கு. 2023-இல் அந்த ஞாயிறு டிசம்பர் 17. மறுநாளே வத்திக்கானிலிருந்து அறிவிப்பு வந்தது: தன்பாலினத் தம்பதிகளுக்கும் குருக்கள் ஆசி கொடுக்கலாம், ஆனால் அது திருமணம் ஆகாது, திருவழிபாட்டுச் சடங்காகவும் செய்யக்கூடாது. இவன் அம்மா அன்று ராத்திரி போன் செய்து அரைமணி நேரம் குடிலுக்கு வாங்கிய புது மாட்டைப் பற்றியே பேசிவிட்டு, வைக்கும்போது, "அந்தத் தம்பிக்கு சட்டை சைஸ் என்ன?" என்று கேட்டார். 40. ஊதா நிறக் கட்டம் போட்ட சட்டை வந்தது, கொஞ்சம் லூஸ்.

மக்ரூன் செய்யலாம் என்று நம்பி வாங்காதீர்கள். தூத்துக்குடி மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இவ்வளவுதான், ஆனால் சூடு குறைவாகவும் நிதானமாகவும் இருக்க வேண்டும். இந்த மெஷினில் 100-க்குக் கீழே குமிழே போகாது, அதுவும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சென்னை டிசம்பர் ஈரம் வேறு. வெளியே பழுப்பாகி உள்ளே பசையாக நின்றது. இவன் அதைத் தின்றுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். ஊரிலிருந்து பார்சலில் வரவழைத்துக்கொள்வதே மேல்.

கோழிக் கம்பி ஒரு கிலோ கோழி வரை தாங்குகிறது, கிரீச் கிரீச் என்று சத்தம் வரும். கொழுப்புச் சொட்ட அடித்தட்டை மறக்காமல் போடுங்கள், நாங்கள் பெட்ஷீட்டையும் எடுத்துவிடுவோம். கத்திரிக்காய் சுட்டுத் துவையல் அரைக்க அருமை. பிரெட் டோஸ்ட்டுக்காக இதைச் சூடேற்றுவது வீண்.

மூன்றரை ஸ்டார். டெமோ போனுக்காக அரை ஸ்டார் குறைத்தது நான், மக்ரூனுக்காக ஒரு ஸ்டார் குறைத்தது இவன்.