படம் தரும் செயலியும் காவடிச் சுவரொட்டியும்: மொரிஷியஸிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

சொற்களால் கேட்டால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை, கட்டணம் செலுத்தி, ஓராண்டுக்கும் மேலாக என் வடிவமைப்புப் பணியில் பயன்படுத்தி வருகிறேன். மொரிஷியஸின் ரோஸ் ஹில் நகரில் நான் செய்பவை பெரும்பாலும் சிறு வேலைகள்: கோவில் சுவரொட்டிகள், திருமண அழைப்பிதழ்கள், உணவகப் பட்டியல்கள், கடைப் பேனர்கள். இவற்றுக்கு அச்செயலி உதவுமா என்று கேட்கும் சக வடிவமைப்பாளர்களுக்கு என் விடை இதுதான்: படத்தின் பின்புலத்தை அதனிடம் தயக்கமின்றி ஒப்படைக்கலாம், பார்ப்பவர் ‘இது நம்முடையது’ என்று அடையாளம் காணும் எதையும் ஒப்படைக்கலாகாது, தமிழ் எழுத்தை எந்நிலையிலும் கூடாது.

அதன் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்து சேரும் கைபேசிப் படம் பெரும்பாலும் நெட்டுவாக்கில் இருக்கும். கேட்கப்படும் பேனரோ அகலவாக்கில் இருக்கும். முன்பெல்லாம் வானத்தையும் மரங்களையும் வெட்டி ஒட்டி இரு பக்கமும் நீட்டுவதற்கே அரை நாள் போய்விடும். இப்போது படத்தின் ஓரத்தை விரித்துக் கொடுத்தால் செயலி அதே வெளிச்சத்திலும் அதே நிறத்திலும் நிரப்பித் தருகிறது. பட்டுக் கரை, பித்தளைப் பளபளப்பு, மழைக்குப் பின் நனைந்த வாழையிலை போன்ற பரப்புகளை அது தரும் விதத்தில் எனக்குக் குறையே இல்லை. வாடிக்கையாளரிடம் முதல் மாதிரியைக் காட்டி, ‘இந்தப் போக்கில் போகலாமா’ என்று கேட்பதற்கும் அது போதும்.

சிக்கல் காவடியில் தொடங்கியது. தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை நாள். அதற்கு முந்தைய வாரங்களில்தான் என் மேசையில் வேலை குவியும். இத்தீவின் காவடிக்கென்று ஒரு தோற்றம் உண்டு: பூவும் இலையும் எலுமிச்சையும் சுற்றிய மர வளைவு, அதில் கட்டிய பால் செம்புகள், விரதமிருந்து வரும் அடியார்களின் அடர்ந்த இளஞ்சிவப்பு ஆடை. செயலியிடம் இதை எத்தனை விரிவாகச் சொன்னாலும், மலேசியப் படங்களில் காணும் உயரமான உலோகச் சட்டக் காவடியையோ, தலைப்பாகை அணிந்தவர்கள் நிறப்பொடி தூவும் வடநாட்டு விழாவையோதான் அது தந்தது. கோர் டி கார்ட் மலைச் சரிவில் இருக்கும் கத்ர் போர்ன் முருகன் கோவிலைப் போல, மலையடியில் வண்ணக் கோபுரம் ஒன்று வேண்டும் என்று கேட்டால், வடஇந்தியக் கோவில் சிகரம் ஒன்று எழுந்து நிற்கும். வேல் சில நேரம் திரிசூலமாகும், சில நேரம் அம்பாகும். மயிலைச் சேர்த்தால் முருகனின் உடல் நீலமாகிக் கையில் குழல் ஏறிவிடுகிறது. சேவற்கொடி வந்ததே இல்லை. பிரெஞ்சில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் விளைவு ஒன்றுதான். தமிழில் கேட்டபோது கேள்விக்கும் படத்துக்கும் இருந்த தொடர்பு இன்னும் மெலிந்தது.

இதற்குக் காரணம் மறைவானதன்று. இவ்வகைச் செயலிகள் இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றோடு இருந்த விளக்கச் சொற்களையும் இணைத்துப் பயின்றவை. 2022இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் படச் செயலியின் தொடக்கப் பதிப்புகளுக்கு அடிப்படையாக இருந்த லயான்-5பி தொகுப்பில் ஏறத்தாழ 585 கோடி படங்கள் இருந்தன. அவற்றுள் 230 கோடிக்கு மேற்பட்டவற்றின் விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் கடலில் மொரிஷியஸ் காவடி எத்தனை துளி இருந்திருக்கும்? குறைவாகப் பார்த்ததை விட்டுவிட்டு, மிகுதியாகப் பார்த்ததன் பக்கமே செயலி சாய்கிறது. ஆகவே நானே எடுத்த புகைப்படத்தை மூலமாகக் கொடுத்து, மாற்றத்தின் அளவை மிகக் குறைத்து, ஒளியையும் பின்னணியையும் மட்டும் மாற்றச் சொல்வதே இப்போது என் வழக்கம்.

ஏழு கறி விருந்தைக் கேட்டபோதும் இதே கதைதான். வாழையிலையின் நடுவில் செம்புக் கிண்ணங்களும் ‘நான்’ ரொட்டியும் பனீரும் வந்து உட்கார்ந்தன. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. உச்சியில் உருண்டைப் பாறையைத் தாங்கி நிற்கும் பீட்டர் போத் மலையைக் கேட்டால் பாறை இல்லாத மலை வருகிறது. எங்கள் பிள்ளைகள் வரையும்போதுகூட அந்தப் பாறையை விடமாட்டார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள், தெரிவதனாலேயே திருத்திக்கொள்ளலாம். என்னை உண்மையாகக் கவலைகொள்ளச் செய்வது எழுத்து. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினி ககரத்தை அடுத்து ஒகரக் குறி ஒன்றையே சேமிக்கிறது. எழுத்துருவும் அதனை இயக்கும் மென்பொருளும் அக்குறியை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் வைக்கின்றன. படச் செயலியில் அந்த ஏற்பாடு இல்லை. எழுத்தையும் அது இலையைப் போல, துணி மடிப்பைப் போல ஓர் உருவமாகவே தீட்டுகிறது. முதலில் நான் பார்த்த பதிப்பில் தமிழ் என்று வந்தவை வெறும் கிறுக்கல்கள். யாரும் ஏமாற மாட்டார்கள். பதிப்புகள் முன்னேற முன்னேற, எழுத்துகள் ஏறக்குறையச் சரியாக வரத் தொடங்கின. ஆபத்து அந்த ‘ஏறக்குறைய’வில்தான் இருக்கிறது. வீட்டில் கிரியோல் மொழி பேசி, ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்து, தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாக மட்டும் கற்றவர்கள் இங்கே மிகுதி. ஒரு குழுவினர் தாங்களே செயலியில் உருவாக்கி, அச்சுக்கு ஒழுங்கு செய்து தரும்படி அனுப்பிய சுவரொட்டியில் ‘வேல் முருகா’ என்பது லகரப் புள்ளி இழந்து ‘வேல முருகா’ என்று இருந்தது. அடியில் இருந்த ரோமன் எழுத்து வரியைப் படித்துவிட்டு அனைவரும் ஒப்புதல் தந்திருந்தார்கள்.

எழுத்து விஷயத்தில் இந்த நாடு உணர்ச்சி மிக்கது. 1998இல் வந்த புதிய நாணயத்தாள்களில் தமிழ் எழுத்து வழக்கமான இடத்திலிருந்து இறங்கி இந்திக்குப் பின்னால் சென்றது என்பதற்காகவே தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, வரிசை சீராக்கப்பட்டு மீண்டும் அச்சாயின. வரிசைக்காக அவ்வளவு நின்ற சமூகம், புள்ளி போன எழுத்தைத் தன் கோவில் வாசலிலேயே தொங்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே செயலிக்கு நான் எழுதித் தரும் ஒவ்வொரு கட்டளையிலும் (பிராம்ப்ட்) ‘எழுத்தில்லாத படம்’ என்பதே நிலையான வரி. எழுத்தைப் படத்தின் மேல் தனி அடுக்கில் (லேயர்) நானே அமைக்கிறேன். முக்தா மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய இலவச யூனிகோடு எழுத்துருக்கள் இதற்குப் போதும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்தமைப்பை, இந்திய எழுத்துகளுக்கும் ஏற்ற ‘வேர்ல்ட்-ரெடி’ அமைப்புக்கு மாற்ற மறந்தால் கொம்புகள் இடம் மாறிவிடும், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

அச்சைப் பற்றிச் சுருக்கமாக. பல செயலிகள் இயல்பாகத் தரும் 1024 பிக்சல் அகலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஏ3 சுவரொட்டிக்கு 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். பெரிதாக்கும் கருவி இல்லாத விவரங்களைத் தானே கற்பனை செய்வதால் மல்லிகைச் சரம் பஞ்சுருண்டையாகிவிடுகிறது. திரையில் சுடர்விடும் காவடி இளஞ்சிவப்பு நான்கு மை அச்சில் மங்கும். அந்த நான்கு மை நிறங்களைத் திரையில் காட்டும் சிஎம்ஒய்கே முன்னோட்டத்தில் பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் நிறத்தைக் காட்டுகிறேன்.

சின்னம், அதாவது லோகோ, கேட்டு வருபவர்களுக்குச் செயலியின் படத்தை நான் தருவதில்லை. செயலி உருவாக்கிய படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதை தொடர்பாக முடிவெடுத்தது; அத்தகைய படத்தைக் கடைக்காரர் ஒருவரின் தனி அடையாளமாக விற்க என் மனம் இடம் தரவில்லை.

கட்டணம் டாலரில் போவதால் மாற்று விகிதம் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஆண்டுச் சந்தாவைக் கைவிட்டு, காவடிக்கும் தீபாவளிக்கும் முந்தைய மாதங்களுக்கு மட்டும் இப்போது பணம் கட்டுகிறேன். இடைப்பட்ட காலத்தில், என் கணினியிலேயே இயங்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு, நான் பல ஆண்டுகளாக எடுத்துவந்த காவடிப் படங்களைக் கொண்டு லோரா (சில படங்களைக் கொண்டே செயலியைப் பழக்கும் முறை) வழியில் கூடுதல் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அடியார்களின் முகம் தெரியாத படங்களை மட்டுமே அதற்கு எடுத்துக்கொள்கிறேன். முகம் தெரிந்தவற்றை அவரவரிடம் கேட்டு, சம்மதம் கிடைத்தால் பிறகு சேர்ப்பேன். வளைவும் செம்பும் இப்போதே ஓரளவு சரியாக வருகின்றன. வேல் இன்னும் வரவில்லை.