ஜிம்முக்கு வாரம் ஆறு நாளா, மூன்று நாளா?

திங்களில் தொடங்கி புஷ் (தள்ளும் பயிற்சிகள்), புல் (இழுக்கும் பயிற்சிகள்), லெக் (கால் பயிற்சிகள்) என்று பிரித்து ஆறு நாளும் போவது ஒரு வழி. திங்கள், புதன், வெள்ளி மட்டும் போய் ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும் வேலை கொடுப்பது இன்னொரு வழி. நான் தேர்ந்தெடுத்தது மூன்று நாள்.

ஆறு நாளுக்கும் நியாயம் இருக்கிறது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும், கைக்கும் தோளுக்கும் தனி செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) போட முடியும். வாரத்தின் மொத்த செட் ஒன்றாக இருந்தால் தசை வளர்ச்சியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மார்புக்கு 12 செட் என்றால், அதை இரண்டு நாளில் ஆறு ஆறாகப் போட்டாலும் மூன்று நாளில் நாலு நாலாகப் போட்டாலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வித்தியாசம் ஓய்வில்தான் வருகிறது. ஆறு நாள் அட்டவணையில் ஒவ்வொரு தசைக்கும் 72 மணி நேர இடைவெளி கிடைக்கிறதே என்பார்கள். தசையை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் செவ்வாய்க்கிழமை, புல் நாளில், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது) செய்த கீழ்முதுகுதான் புதன்கிழமை ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) பாரையும் தாங்க வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது) உழைத்த முழங்கையும் தோள்மூட்டும் மறுநாள் ரோவிலும் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) புல்-அப்பிலும் (கம்பியில் தொங்கி ஏறுவது) மறுபடி உழைக்கின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் தசையைவிட மெதுவாகத்தான் அவை பலப்படும். எடை மளமளவென்று ஏறும்போது முழங்கையின் உள்பக்கம் வலிக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் இதனால்தான். நடுவில் ஒரு நாள் முழுசாக விட்டால் இந்த மூட்டுகளுக்கும் சேர்த்து ஓய்வு கிடைக்கும். அப்போது ஒவ்வொரு செட்டிலும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது) மட்டுமே மிச்சம் என்ற அளவுக்கு அழுத்திச் செய்யலாம். ஆறு நாள் போகிறவர் மூன்று ரெப்பாவது மிச்சம் வைப்பது நல்லது.

ஓய்வு போதுமா என்பதை உடம்பு வலியை வைத்து அளக்காதீர்கள். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பழகப் பழகக் குறைந்துவிடும். பயிற்சியைக் குறித்துவைக்கும் நோட்டைப் பாருங்கள். போன முறை 60 கிலோவில் 8 ரெப் வந்த முதல் செட்டில், அதே தூக்கம், அதே சாப்பாட்டுக்குப் பிறகும் இன்று 6தான் வருகிறதா? ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். அடுத்தடுத்து இரண்டு தடவை என்றால், ஒரு வாரம் எடையை அப்படியே வைத்து செட்டைப் பாதியாக்குங்கள். தசை தாங்க முடியாமல் வலித்து வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் மட்டும் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஓய்வு நாளில் புரதத்தைக் குறைப்பது தவறு. பயிற்சி முடிந்து 24 முதல் 48 மணி நேரம் வரை தசை தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேர நடை நல்லது. குதித்து ஓடும் கடும் கார்டியோ செய்தால் கால்களுக்கு அது ஓய்வே இல்லை.

மூன்று நாள் முறையில் எல்லா நாளும் ஒரே மாதிரி வேண்டாம். திங்களும் வெள்ளியும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. புதன் டெட்லிஃப்ட், ஓவர்ஹெட் பிரஸ் (எடையைத் தலைக்கு மேல் தள்ளுவது), புல்-டவுன் (மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுப்பது). டெட்லிஃப்டுக்கு இரண்டு செட் போதும். கனமான செட்டுகளுக்கு நடுவே 2–3 நிமிடம் விடுங்கள்.

போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். பல வருடம் தூக்கிப் பழகி, நன்றாகத் தூங்கவும் முடிகிறவருக்கு அதிக நாள் ஒத்துவரலாம். அவர்களும் வரிசையை புல், புஷ், லெக், ஓய்வு என்று மாற்றிக்கொண்டால் டெட்லிஃப்டுக்கும் ஸ்குவாட்டுக்கும் நடுவே எப்போதும் 48 மணி நேரம் இருக்கும்.