கடற்கரையில் ஓடுபவர்களுக்கு ஜிபிஎஸ் வாட்ச்: முதலில் சார்ஜிங் பின்னைப் பாருங்கள்

குமரி மாவட்டக் கடலோர ஊரான குளச்சல் பக்கத்து நண்பர் ஒருவர், ஒரு ஜிபிஎஸ் வாட்ச் மாடலைச் சொல்லி, "வெல எறங்கியிருக்கு, இப்ப வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அதே மாடல் வாட்ச் என்னிடம் இருக்கிறது. சார்ஜிங் பின் மாற்றி சர்வீஸிலிருந்து இப்போதுதான் கைக்கு வந்தது. அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். ஸ்கிரீன், பேட்டரி, எத்தனை விளையாட்டு மோடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

பின்பக்கம் சார்ஜருக்கான நான்கு உலோகப் புள்ளிகள்தான் என் தலைவலி. இத்தகைய பின்களில் மேலே மெல்லிய தங்க முலாம், அதற்கடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்புக் கலவை என்பதுதான் வழக்கமான அமைப்பு. தங்கம் அரிக்காது. ஆனால் முலாமில் ஊசிமுனை அளவு பொத்தல் விழுந்தாலே உப்பு நீர் உள்ளே இறங்கிச் செம்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். வியர்வையில் உப்பு இருக்கவே இருக்கிறது. மணக்குடி முதல் முட்டம் வரை கடலை ஒட்டிய சாலையில் காலையில் ஓடினால் காற்றிலிருந்தும் உப்பு வந்து படியும். படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துடைத்தாயிற்று என்று நாம் நினைக்கும்போதும் பின்னைச் சுற்றியுள்ள பள்ளம் ஈரமாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய கேடு, ஓடி வந்த கையோடு சார்ஜ் போடுவது. 5 வோல்ட் மின்சாரம், நடுவே உப்பு நீர், இரு பக்கமும் உலோகம்: பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்யும் மின்னாற்பகுப்பு அப்படியே நடக்கும். பிளஸ் பக்கப் பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பழுதான வாட்சுகளில் ஒரே ஒரு பின் மட்டும் கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால் காரணம் இதுதான்.

அறிகுறிகள் படிப்படியாக வரும். முதலில் சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கும். பிறகு கேபிளை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் ஏறும். பிறகு கம்ப்யூட்டரில் செருகினால் வாட்சையே காட்டாது, ஆனால் சார்ஜ் மட்டும் ஏறும். தகவல் போகும் பின் போய்விட்டது, மின்சாரம் போகும் பின் இன்னும் பிழைத்திருக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்திலேயே கவனித்தால் காப்பாற்றலாம். சில சமயம் குற்றம் வாட்சில் இருக்காது. கேபிள் முனையில் ஸ்பிரிங் வைத்த ஊசிகளில் ஒன்று உப்பு கட்டி உள்ளேயே சிக்கியிருக்கும். நான்கும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, அழுத்தினால் திரும்பி எழுகின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் சர்வீஸ் கடைக்குப் போங்கள்.

ஓட்டம் முடிந்ததும் வாட்சைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம், கடலோர ஊர்களில் பல வீட்டு போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. குடிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர் போதும். பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பின்பக்கம் மேலே இருக்கும்படி ஃபேன் காற்றில் அரை மணி நேரம் வையுங்கள். அதற்குப் பிறகுதான் சார்ஜர். வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்துப் பின்களையும் கேபிள் ஊசிகளையும் துடைக்கலாம். சானிடைசர் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். பிளேடால் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது இரண்டும் மிச்சமிருக்கும் முலாமையும் எடுத்துவிடும். களிம்பு பிடித்திருந்தால் மென்மையான டூத் பிரஷும் ஆல்கஹாலும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சர்வீஸில் பின்னை மாற்றலாம், வேலை பெரிதல்ல. ஆனால் பின்மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டின் பிடிப்பு போய்விடும். புது கேஸ்கெட் போட்டு அழுத்தச் சோதனையும் செய்து தருகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். 5 ஏடிஎம் என்று மூடியில் எழுதியிருப்பது, அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற பொருளில், அதுவும் திறக்காத வாட்சுக்கு. சோதனை செய்யாமல் மூடிய வாட்சோடு சொத்தவிளையில் அலைக்குள் இறங்க வேண்டாம்.

இனி இதன் நல்ல பக்கம். அதைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஜிபிஎஸ் அபாரம். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது, 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இன்று கையில் கட்டும் கருவி சாலையின் எந்தப் பக்கம் ஓடினோம் என்றே காட்டுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 அலைவரிசையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் சேர்த்து வாங்குவதால், இலையிலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வரும் போலி சிக்னலைப் பிரித்தறிய முடிகிறது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துச் சாலைகளில் பழைய ஒற்றை அலைவரிசை வாட்சுகள் நாம் ஓடிய பாதையின் கோட்டைக் கிறுக்கிவிடும், மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். மார்கழி, தையில் ரப்பர் இலை உதிர்ந்த பிறகு அதே சாலையில் அதே பழைய வாட்ச் ஒழுங்காகக் கோடு போடும். இந்த வாட்சுக்கு அந்தப் பருவ வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. 400 மீட்டர் ட்ராக்கில் மட்டும் ட்ராக் மோடு போட்டு லேன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். முதல் லேன் 400 என்றால் இரண்டாவது 407, சாதாரண மோடில் கணக்கு உதைக்கும்.

காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கும் உயரமானியும் நன்று, நம் ஊருக்கு அது தனி வசதி. கடல் மட்டமே பக்கத்தில் இருப்பதால் கடற்கரையில் நின்று உயரத்தை 2 மீட்டர் என்று கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். பிறகு மருந்துவாழ் மலை ஏறினால் நம்பும்படியான எண் வரும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஓடும்போது மட்டும் நம்பாதீர்கள். வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அழுத்தமானியின் துளையில் நேராக மோதினால் 60 பாஸ்கல் அழுத்தம் கூடும், அது ஏறக்குறைய 5 மீட்டர் உயர மாற்றத்துக்குச் சமம். காற்று விட்டு விட்டு அடிக்க, சமதளச் சாலையிலும் ஏற்றம் ஏறியதாகக் கூட்டிக்கொண்டே போகும். அந்தத் துளையிலும் உப்பு அடைக்கும். சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள், ஊசி விட்டுக் குத்தக் கூடாது.

மணிக்கட்டு இதயத்துடிப்பு சுமார். வேக ஓட்டத்தில் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். 175 என்று அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வல் பயிற்சி செய்பவர்கள் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை வாங்கிக்கொள்ளலாம், சிஆர்2032 பேட்டரிதான், மாற்றுவது சுலபம்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், குளச்சல்காரருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். கடலிலிருந்து தள்ளி, மலைப்பக்கம் ஓடுபவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். வியர்க்கும் தோலை ஒட்டியே கிடக்கும் இடத்தில் திறந்த பின்னை வைத்துவிட்டு, அதற்கு ஒரு ரப்பர் மூடி கூடக் கொடுக்காத வடிவமைப்பை விலை குறைந்தது என்பதற்காக என்னால் மன்னிக்க முடியவில்லை. வயர்லெஸ் சார்ஜ் உள்ள மாடல் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் கடலோரத்துக்கு அதுவே சரி.

இல்லை, இதேதான் வேண்டும், பழையது மலிவாகக் கிடைக்கிறது என்பவர்கள் பகல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான்கு பின்னும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். விற்பவரின் கேபிளிலேயே 10 நிமிடம் சார்ஜ் போட்டு, கையால் அழுத்தாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். அதன்பின் கம்ப்யூட்டரில் செருகி, வாட்ச் டிரைவாகத் தெரிகிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.