மொத்தமா, தொடரா, ஒற்றையா? வீட்டுக் காமிக்ஸ் பெட்டியை விற்பனைக்குத் தயாரிக்கும் வழிகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் வீடுகளில், பரண்மேல் இருக்கும் காமிக்ஸ் பெட்டி பெரும்பாலும் இருமொழிப் பெட்டிதான். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த பிள்ளைகள் சேர்த்தது. முத்து, லயன், ராணி காமிக்ஸ்களுக்கு நடுவே மலையாளச் சிறுவர் இதழான பூம்பாற்றயும் அமர் சித்திரக் கதையும் கிடக்கும். இந்திரஜால் காமிக்ஸில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் கலந்திருக்கும். பாகம் பிரிக்கும்போதோ பழைய வீட்டை இடிக்கும்போதோ இதை என்ன செய்வது என்ற பேச்சு வரும்.

வழிகள் மூன்று. மொத்தமாகக் கொடுக்கலாம், தொடர்வாரியாகப் பிரித்து விற்கலாம், ஒவ்வொன்றாக விற்கலாம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: குடும்பத் தொகுப்புக்குத் தொடர்வாரி விற்பனையே பொருந்தும். அதற்கான தயாரிப்பில் புத்தகத்தின் மேல் கை வைப்பது குறைவாகவும், அதைப் பற்றி எழுதி வைப்பது அதிகமாகவும் இருக்க வேண்டும்.

மூன்று வழிகளின் கணக்கு

மொத்தமாகக் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடியும். கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகள் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கடைக்காரர் ஒவ்வொன்றையும் திரும்ப விற்க வேண்டும், விற்காததை இடம் கொடுத்து வைத்திருக்கவும் வேண்டும். அதனால் கட்டில் உள்ள சாதாரண இதழ்களை வைத்துத்தான் விலை சொல்வார். கட்டுக்குள் ஓர் அரிய இதழ் இருந்தாலும் அதற்கும் அதே விலைதான். முக்கால்வாசி புத்தகங்கள் கிழிந்தோ பூஞ்சை பிடித்தோ இருந்தால் மட்டும் இந்த வழி நியாயம். பட்டியல் போடுமுன் பழைய பேப்பர் கடையில் எடை போடுவது எந்த நிலையிலும் கூடாது.

ஒற்றையாக விற்றால் ஒரு புத்தகத்துக்குக் கிடைக்கும் விலை கூடும், உழைப்பும் கூடும். படம் எடுக்க, குறிப்பு எழுத, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, கட்டி அனுப்ப என்று புத்தகத்துக்கு 20 நிமிடம் வைத்துக்கொண்டாலும், 200 புத்தகத்துக்கு 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல், நல்லவை முதலில் போய்விடும். மிஞ்சும் நூற்றைம்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தொடர்வாரி விற்பனையில் ராணி அரை ஆண்டு, முத்து 15 இதழ், இந்திரஜால் தமிழ் தனி, மலையாளம் தனி என்று 10 முதல் 20 புத்தகங்கள் கொண்ட தொகுதிகள் அமையும். விடுபட்ட எண்களை நிரப்பத் தேடுபவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள், நல்ல இதழோடு சாதாரண இதழும் விலைபோகும். ஒரே ஒரு எண் மட்டும் வேண்டும் என்பவர் தொகுதியை உடைக்கச் சொல்வார், இந்த வழியின் பலவீனம் அதுதான். ஆகவே தொடக்க கால எண்கள், தீபாவளி மலர், கோடை மலர் போன்ற சிறப்பிதழ்கள், கைபடாததுபோல் இருப்பவை என ஐந்து பத்தை மட்டும் முன்கூட்டியே பிரித்துத் தனியாக விற்கலாம்.

மலையாள இதழ்களுக்கான பட்டியலை மலையாளத்திலேயே எழுதுங்கள். பூம்பாற்ற தேடுபவர் திருச்சூரிலும் எர்ணாகுளத்திலும் இருப்பார். தமிழ்ப் பட்டியலின் வாலில் அதைச் சேர்த்தால் அவர் கண்ணில் படாது.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால், எதை யார் வைத்துக்கொள்கிறார், பணம் எப்படிப் பிரியும் என்பதைப் பட்டியல் வெளியே போகுமுன் பேசி முடியுங்கள். முன்பணம் வாங்கிய பிறகு “அது என் புத்தகம்” என்று ஒருவர் வந்தால் தொகுதியே உடையும்.

முதல் பதிப்பா, மறுபதிப்பா

கதை மட்டும் படிக்க நினைப்பவருக்கு இன்று மறுபதிப்புகள் இருக்கின்றன. 2012இல் புத்துயிர் பெற்ற லயன்–முத்து, பழைய கதைகள் பலவற்றை நல்ல தாளில் மறுபடி வெளியிட்டது. ஆகவே பழைய இதழைத் தேடுபவர் அந்தத் தாளையும் அந்த அட்டையையும்தான் தேடுகிறார். பதிப்பும் நிலையும் விலையைத் தீர்மானிப்பது இதனால்தான்.

இந்திரஜால் 1964இல் தொடங்கி 1990இல் நின்றது. முத்து 1972இல், இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயனும், மாதம் இருமுறை வந்த ராணியும் 1984இல் பிறந்தவை. இந்த ஆண்டுகளை வேலியாக வைத்துக்கொள்ளுங்கள். மாயாவி கதைகள் பலமுறை அச்சேறியவை என்பதால் தலைப்பும் அட்டைப்படமும் ஒத்துப்போவது சான்று ஆகாது. அச்சிட்ட விலை, இதழ் எண், பின்னட்டை விளம்பரம், உள்ளே உள்ள வெளியீட்டு விவரம் நான்கையும் பாருங்கள். ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்று அட்டையில் இருந்தால் அது மறுபதிப்பு வரிசை. இந்திரஜால் 1980களில் தொடர் எண்ணை விட்டுத் தொகுதி (வால்யூம்), எண் என்ற முறைக்கு மாறியது. பட்டியலில் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், நீங்களாகக் கணக்குப் போட்டு எண் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு புத்தகத்திலும் பக்கங்களை எண்ண வேண்டும். அதிகம் காணாமல் போவது நடுத்தாள், ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழன்று விழுவது அதுதான். வெட்டி எடுத்த கூப்பன், பேனாவால் நிரப்பிய புதிர், வாடகை நூலக முத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்தால் புத்தகம் திரும்பி வரும்.

பைண்டிங்: பிரிப்பதா, விடுவதா

வீட்டுத் தொகுப்புகளில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துக் காலிகோ துணி ஒட்டிப் பைண்டிங் செய்வது அந்நாளில் எல்லா ஊரிலும் இருந்த வழக்கம். தனி இதழாக இருந்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்று பைண்டிங்கைப் பிரிக்கத் தோன்றும். முதலில் மூன்றைச் சோதியுங்கள்.

ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா? பைண்டர் மூன்று பக்கமும் சில மில்லிமீட்டர் சீவியிருந்தால், கட்டங்களின் வெளிக்கோடோ பக்க எண்ணோ விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வெட்டிய இதழ் பிரித்தாலும் வெட்டிய இதழ்தான். அடுத்து, தையல் எங்கே ஓடுகிறது? முதுகு மடிப்பின் வழியாக நூல் போயிருந்தால் நூலை வெட்டியதும் இதழ் தனியாக வரும். பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்திருந்தால் முதுகிலிருந்து ஒரு விரலகலத்துக்கு உள்ளே எல்லாத் தாளிலும் துளை இருக்கும், பிரிக்கும்போது தாள் அந்த வரியில் தபால்தலை போலக் கிழியும். மூன்றாவது, அட்டைகள் உள்ளே இருக்கின்றனவா? பல பைண்டர்கள் பின்னட்டையை எடுத்துவிட்டார்கள்.

வெட்டாமல், மடிப்புவழித் தைத்து, அட்டைகளும் முழுதாக இருந்தால் மட்டும் பிரியுங்கள். அதிலும் முதுகில் மைதாப் பசை இருக்கும். காய்ந்த பசையை இழுத்தால் முதுகுத்தாள் கூடவே வரும். தண்ணீர் தடவினால் செய்தித்தாள் ரகத் தாள் உப்பி, மை ஊறும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் தொகுதியை அப்படியே, “பைண்டிங் தொகுதி, இத்தனை இதழ்” என்று விற்பதே மேல்.

பின், டேப், கிழிசல்

துருப்பிடித்த பின்னை எடுப்பதா? மேலே பழுப்பு நிறம் மட்டும் என்றால் விடுங்கள், சேகரிப்பவர்கள் முதலில் அடித்த பின்னையே விரும்புகிறார்கள். துரு உதிர்ந்து தாளைத் தின்னத் தொடங்கியிருந்தால், நடுப்பக்கத்தைத் திறந்து கால்களை நிமிர்த்தி, முதுகுப்புறமாக நேராக வெளியே எடுங்கள். புதுப் பின் அடிக்க வேண்டாம், கவருக்குள் தளர்வாகவே இருக்கட்டும்.

செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்க முடியாது. ஏற்கெனவே ஒட்டிய டேப்பையும் உரிக்காதீர்கள். ஒட்டாத கிழிசல், ஒட்டிய கிழிசலைவிட நல்ல விலை பெறும். லேமினேஷன் செய்த அட்டையைச் சேகரிப்பவர் தொடுவதில்லை.

கவரும் அட்டையும்

கடையில் கிடைக்கும் கவர்கள் மூன்று வகை. பிவிசி மினுமினுப்பாக, கெட்டியாக இருக்கும், வாசனை அடிக்கும். நாளாக ஆகப் பிசுபிசுத்து அட்டை மையை உரிக்கும், அமிலமும் கசியும். இதைத் தள்ளுங்கள். சந்தேகம் இருந்தால், செப்புக்கம்பியைக் கொறடால் பிடித்துச் சூடாக்கிக் கவரில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால் பிவிசிக்குப் பச்சைச் சுடர் எழும். புகை நல்லதல்ல, வீட்டுக்கு வெளியே சிறு துண்டில் மட்டும் செய்யுங்கள். சாதா பாலிதீன் பாதுகாப்பானது, ஆனால் தொளதொளவென்று இருக்கும். சட்டை மடித்து வைக்கும் பிபி (பாலிப்ரோப்பிலீன்) கவர் திருப்பூரிலும் கோவையிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. 40–50 மைக்ரான் தடிமன் போதும். விலைக்கும் தரத்துக்கும் இதுவே எங்கள் தேர்வு. ஒரே குறை, மூடியில் உள்ள ஒட்டும் பட்டை. புத்தகத்தை வெளியே எடுக்கையில் அது அட்டையில் பட்டால் உரித்துவிடும். பட்டை மடிப்பு மூடியில் இல்லாமல் கவரின் உடலில் இருக்கும் ரகமாக வாங்குங்கள், இல்லாவிட்டால் எடுக்கும்போது மூடியை முழுதாகப் பின்னால் மடித்துப் பிடியுங்கள்.

பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருந்தால் நல்லது. சாம்பல் நிற மில் போர்டு மலிவுதான், ஆனால் அதன் அமிலம் பின்னட்டையில் பழுப்புப் படலமாக இறங்கும். நல்ல அட்டை கிடைக்காவிட்டால் அட்டையே வேண்டாம். இருபதுக்கு மேல் அடுக்காமல் படுக்கையாக வையுங்கள்.

காலமும் பூச்சியும்

பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் வீசும் வறண்ட கிழக்குக் காற்று இந்த வேலைக்கு வரம். பெட்டியை அப்போது திறந்து, நிழலில், சன்னல் ஓரத்தில் ஒரு வாரம் காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், கூடவே அட்டை நிறமும் போகும், தாளும் பழுக்கும். ஆனி, ஆடியில் கவரில் போட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்து அடைத்ததாகும்.

ராமபாணப் பூச்சி இருந்தால், அந்துருண்டையா, ஃப்ரீசரா? அந்துருண்டையின் வாடை தாளில் ஏறினால் போகாது, வாங்குபவர் முகம் சுளிப்பார். நன்றாகக் காய்ந்த புத்தகங்களை ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, –18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி சாகும். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கத் திறக்காதீர்கள், திறந்தால் தாளில் நீர் கோக்கும். இது பூஞ்சைக்கு மருந்தல்ல. பூஞ்சை பிடித்ததைத் தனியே பிரித்து, காய்ந்தபின் முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அதை நல்ல தொகுதியில் சேர்க்காதீர்கள்.

சொல்லும் முறை, அனுப்பும் முறை

அமெரிக்க சிஜிசி போன்ற நிறுவனங்கள் காமிக்ஸின் நிலைக்கு 0.5 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, பெட்டியில் அடைத்துத் தருகின்றன. கட்டணமும் போய்வரும் செலவும் நம் இதழ்கள் பெரும்பாலானவற்றின் விலையைத் தாண்டும். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுப்பக்கப் பின் என நான்கு படமும் வெளிப்படையான குறைப் பட்டியலும் போதும். கதை முழுவதையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகக் கொடுப்பது பதிப்புரிமை மீறல், கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பணம் வந்தபின் அனுப்புங்கள். பணம் பெற கியூஆர் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. யாராவது கேட்டால் அது மோசடி. புத்தகங்களை இரண்டு அட்டைப்பெட்டித் தாள்களுக்கு நடுவே வையுங்கள். ஒன்றின் வரிகள் நெடுக்காகவும் மற்றதன் வரிகள் குறுக்காகவும் இருந்தால் வளையாது. டேப் கவரில் படாமல் அந்தத் தாளில் மட்டும் ஓடட்டும். எல்லாவற்றையும் நீர் புகாத பாலிதீனில் சுற்றி, ஐந்தடுக்குப் பெட்டியில் ஆடாமல் அடக்கி, பட்டியலின் ஒரு பிரதியை மேலே வைத்து மூடுங்கள்.