சம்மனா, வாரண்டா?

வீட்டு வாசலில் காக்கிச்சட்டை வந்து நின்றாலே "வாரண்டு வந்துடுச்சு" என்று பதறுகிறோம். பெரும்பாலும் அது சம்மன்தான், தமிழில் அழைப்பாணை. இன்ன தேதியில் கோர்ட்டுக்கு வா என்று நீதிமன்றம் அழைக்கிறது, அவ்வளவே. சாட்சிக்கும் வரும். இரண்டு படிகள் இருக்கும்: ஒன்று உங்களுக்கு, இன்னொன்றின் பின்புறம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து. போட்டுக் கொடுங்கள்; அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.

வாரண்ட், அதாவது பிடியாணை, வேறு. அது போலீஸுக்குப் போகும் உத்தரவு: இவரைப் பிடித்துக் கொண்டுவா. நிறைவேற்றும்வரை அல்லது நீதிமன்றம் ரத்து செய்யும்வரை உயிரோடிருக்கும். ஜாமீனில் விடக்கூடிய வாரண்டும் உண்டு.

சம்மனை அலட்சியம் செய்தால் அடுத்து வாரண்ட் வரலாம். அதனால் தேதியைக் குறித்துவைத்து வக்கீலைப் பாருங்கள்.

எனக்கு நிறைவளித்த மாற்றம் ஒன்று. ஆள் வீட்டில் இல்லாவிட்டால், குடும்பத்தின் வயதுவந்த ஆணிடம்தான் சம்மனைக் கொடுக்கலாம் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 'ஆண்' என்ற சொல் இல்லை. அம்மாவும் வாங்கலாம், அக்காவும் வாங்கலாம்.