அரிஸ்டா ஆர்தோ லித்தோ 3.0: எந்த வேலைக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

கோடக்கின் லித் பிலிமான கோடலித் நின்றுபோன பிறகு, சாம்பல் இல்லாமல் கறுப்பு வெள்ளையாக மட்டும் பதியும் லித் ஷீட் பிலிம் தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கும் ஃப்ரீஸ்டைல் போட்டோகிராஃபிக் சப்ளைஸ் நிறுவனம் அரிஸ்டா என்ற தன் சொந்தப் பெயரில் விற்கும் ஆர்தோ லித்தோ 3.0. கோட்டோவியம், காண்டாக்ட் நெகட்டிவ், மாஸ்க், ஸ்கிரீன் பிரிண்டிங் பாசிட்டிவ், போட்டோவைக் கோட்டோவியமாக்கும் டோன்-லைன் எல்லாவற்றுக்கும் தயங்காமல் வாங்கலாம். கேமராவுக்குள் போட்டு ஆள் முகம் எடுக்க மட்டும்தான் என்றால் வேண்டாம். அதற்கு இல்ஃபோர்டு ஆர்தோ பிளஸ் இருக்கிறது.

வாங்கும்போது 8×10 இன்ச் பெட்டியை எடுத்து, சிவப்பு விளக்கின் கீழ் வெட்டிக்கொள்வதே நல்லது. கேமராவில் போடலாம் என்று 4×5-ஆகவே வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஷீட் பிலிமின் பேஸ் (எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சைத் தாங்கும் தகடு) சுமார் 0.18 மி.மீ. தடிமன், லித் பிலிம் ஏறக்குறைய 0.1 மி.மீ. பாலியெஸ்டர். கேமராவில் பிலிமைப் பிடிக்கும் 4×5 ஹோல்டரின் பள்ளத்தில் இது தொளதொளவென்று நிற்கும். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் நடுவில் தொங்கி ஃபோகஸ் கெடும், சில நேரம் பள்ளத்தை விட்டே நழுவிவிடும். என்லார்ஜருக்கு அடியிலோ, பிலிமோடு பிலிமை ஒட்டவைத்து நகலெடுக்கும் காண்டாக்ட் பிரேமிலோ இந்தத் தொல்லை கிடையாது. அங்கே கண்ணாடி பிலிமை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மெல்லிய பேஸ் அதற்கு வசதிகூட.

பேஸின் ஓரத்தில் பக்கத்தைக் காட்டும் வெட்டு (நாட்ச்) இருக்காது, அதனால் எமல்ஷன் பக்கத்தைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிவப்பு விளக்கில் சற்று வெளிறி, பளபளப்பு குறைந்து தெரியும் பக்கம் எமல்ஷன். சந்தேகமாக இருந்தால் ஈரமான விரலை ஒரு மூலையில் வையுங்கள், ஒட்டுகிற பக்கம் எமல்ஷன். காண்டாக்ட் எடுக்கும்போது எமல்ஷனும் எமல்ஷனும் முகம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பேஸின் தடிமன் அளவுக்கு வெளிச்சம் கசிந்து கோட்டின் ஓரம் மழுங்கும்.

விளக்கில் கவனம் தேவை. இது ஆர்தோ பிலிம். நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. போட்டோ பேப்பருக்குப் பயன்படுத்தும் ஆம்பர் விளக்கு இதில் சாம்பல் மூட்டம் ஏற்றிக் கெடுத்துவிடும். கோடக் 1ஏ போன்ற சிவப்பு ஃபில்டருடன் 15 வாட் பல்பு, குறைந்தது 4 அடி தூரம். மலிவான சிவப்பு எல்இடி பல்பு வாங்குபவர்கள் முதலில் ஒரு பழைய சிடியின் பின்பக்கத்தில் அதன் பிரதிபலிப்பைப் பாருங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சளோ பச்சையோ ஒரு பட்டையாகத் தெரிந்தால் அந்த பல்பு ஆகாது. அதிலும் தேறினால் காசு சோதனை: பிலிம் துண்டின்மேல் நாணயத்தை வைத்து 5 நிமிடம் விளக்கின் கீழ் விட்டு டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரியக் கூடாது.

இந்தப் பிலிமின் காண்ட்ராஸ்டில் பெரும்பகுதி டெவலப்பரிலிருந்து வருவது. இதை அறியாமல் வாங்கிவிட்டு, பேப்பர் டெவலப்பரில் நனைத்து, சாம்பல் சாம்பலாக வருகிறது என்று பிலிமைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஏ, பி என இரண்டு கரைசலாக வரும் லித் டெவலப்பரில் வேலை செய்யும் ஒரே டெவலப்பிங் ஏஜென்ட் ஹைட்ரோகுயினோன். சல்ஃபைட்டை ஃபார்மால்டிஹைடு பிடித்து வைத்திருப்பதால் கரைசலில் சுதந்திரமான சல்ஃபைட் மிகக் குறைவு. ஹைட்ரோகுயினோன் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பிறக்கும் செமிகுயினோனைத் துடைத்தெறிய சல்ஃபைட் இல்லை, ஆகவே அது அங்கேயே தங்கிப் பக்கத்துப் படிகங்களையும் தூண்டுகிறது. கறுக்கத் தொடங்கிய இடம் மேலும் வேகமாகக் கறுக்கும். தொடங்காத இடம் அப்படியே நிற்கும்.

ட்ரேயில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸில் முதல் முக்கால் நிமிடம் ஏறக்குறைய எதுவும் நடக்காது. பிறகு கோடுகள் மங்கலாகத் தலைகாட்டும். ஒன்றரை நிமிடத்துக்குமேல் கறுப்பு திடீரென்று விரைந்து நிறையும். இரண்டரை முதல் மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கடைசி அரை நிமிடத்தில் பத்து விநாடி தாமதித்தாலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைபடும். எழுத்து, வலை, பேனா ஓவியம் போன்ற நுண்ணிய வேலைக்கு முதல் ஒரு நிமிடம் மட்டும் ட்ரேயை ஆட்டிவிட்டு, பிறகு அசைக்காமல் விடுங்கள். கறுத்த இடத்திலிருந்து வெளியேறும் புரோமைட் ஓரங்களிலேயே தங்கி, கறுப்பு பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும்.

நம்மூரில் தடுமாறுவது வெப்பநிலையில்தான். கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மூன்று நிமிட வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், எங்கே நிறுத்துவது என்று பிடிபடாது. டெவலப்பர் ட்ரேயை ஐஸ் போட்ட பெரிய ட்ரேக்குள் வைத்து 20-க்குக் கொண்டுவந்த பிறகே தொடங்குங்கள். ஏ-யும் பி-யும் கலந்தபின் அதன் ஆயுள் மிகக் குறைவு. சல்ஃபைட் இல்லாததால் காற்றே அதைக் கொன்றுவிடும். ஆகவே சிறு அளவாகக் கலந்து, அன்றே ஊற்றிவிடுங்கள்.

டெவலப்பர் கிடைக்காவிட்டால் கோடக் டி-85 வாய்பாட்டில் நாமே செய்யலாம். ஒரு லிட்டருக்கு சோடியம் சல்ஃபைட் 30 கிராம், பாராஃபார்மால்டிஹைடு 7.5, பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் 2.6, போரிக் அமிலம் 7.5, ஹைட்ரோகுயினோன் 22.5, பொட்டாசியம் புரோமைட் 1.6. பாராஃபார்மால்டிஹைடின் ஆவி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத அறையில் இதைத் தொடவே வேண்டாம். கையுறை கட்டாயம்.

எக்ஸ்போஷர் என்லார்ஜருக்கு என்லார்ஜர் மாறும். எஃப் 8-இல் 2, 4, 8, 16 விநாடி என ஒரு டெஸ்ட் ஸ்டிரிப் போட்டாலே விஷயம் தெரிந்துவிடும். கறுப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பல்பின் இழைகூடத் தெரியாத அளவுக்கு அடர்த்தி வர வேண்டும். வராவிட்டால் டெவலப்பிங் நேரத்தைக் கூட்டாதீர்கள், எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள்.

கறுப்பில் விழும் ஊசித்துளைகள்தான் லித் வேலையின் நிரந்தரத் தலைவலி. பெரும்பாலானவை கண்ணாடியிலும் பிலிமிலும் ஒட்டிய தூசியால் வருபவை. பாலியெஸ்டர் நிலைமின்சாரத்தால் தூசியை இழுக்கும், அதனால் பெட்டியிலிருந்து வேகமாக உருவக் கூடாது. இன்னொரு காரணம் வீரியமான ஸ்டாப் பாத், அதாவது டெவலப்பிங்கை நிறுத்தும் அமிலக் கரைசல். டெவலப்பரில் கார்பனேட் இருந்தால், அமிலம் பட்டவுடன் எமல்ஷனுக்குள் கரியமில வாயுக் குமிழி உண்டாகித் துளைக்கும். ஸ்டாப்பை நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். மிஞ்சும் துளைகளை லைட் டேபிளில் வைத்து, மெல்லிய தூரிகையால் ஒபேக் மை தொட்டு அடைத்துவிடலாம்.

சயனோடைப் (நீல நிற அச்சு முறை) போன்றவற்றுக்குச் சாம்பல் படிநிலைகளோடு பெரிய நெகட்டிவ் வேண்டும் என்பவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். டெக்டால் போன்ற பேப்பர் டெவலப்பரை 1:10-இல் தொடங்கி மேலும் நீர்க்கச் செய்தால் காண்ட்ராஸ்ட் இறங்கும். ஆனால் நீர்த்த டெவலப்பரில் வானம் போன்ற சமமான பரப்புகள் திட்டுத் திட்டாக வரும், ஆட்டுவதில் ஒரே சீர் இல்லாவிட்டால் கோடு விழும். முடியும்; ஆனால் பொறுமை இருந்தால் மட்டுமே.

மற்ற வழிகளில் இல்ஃபோர்டு ஆர்தோ பிளஸ் அருமையான பிலிம். பகல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 80, டங்ஸ்டனில் 40, ஹோல்டரில் ஒழுங்காக உட்காரும் தடிமன். ஆனால் லித் அளவுக் காண்ட்ராஸ்ட் வராது, ஷீட் ஒன்றுக்கு அரிஸ்டாவைவிடப் பல மடங்கு விலை. அடாக்ஸ் சிஎம்எஸ் 20 சிவப்பையும் உணரும், ஆகவே முழு இருட்டில் வேலை. சாதாரண எக்ஸ்-ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் எமல்ஷன். ட்ரேயில் அடிப்பக்கம் கீறும், கோடும் கூராக நிற்காது.

உள்ளூரில் கிடைப்பது ஆப்செட் அச்சகங்களில் மிஞ்சிய பிலிம். அதில் இமேஜ்செட்டர் பிலிமா, கேமரா லித்தா என்று லேபிளைப் பாருங்கள். சிவப்பு லேசருக்கான இமேஜ்செட்டர் பிலிம் சிவப்பு விளக்கில் முழுக்கக் கறுத்துவிடும், அதைப் பச்சை விளக்கில்தான் திறக்க வேண்டும். பழைய ஆர்தோ லித் கிடைத்தால், ஒளி படாத இரண்டு துண்டுகளை முழு இருட்டில் வெட்டி, ஒன்றை டெவலப் செய்து ஃபிக்ஸ் பண்ணுங்கள், மற்றதை ஃபிக்ஸ் மட்டும். வெள்ளைத் தாளின்மேல் இரண்டையும் அருகருகே வையுங்கள். டெவலப் செய்தது லேசாகச் சாம்பல் ஏறியிருந்தால் கோட்டு வேலைக்கு இன்னும் ஆகும். ஓரங்களிலிருந்து கறுப்பு உள்ளே வந்திருந்தால் அந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.