சீரியல் காத்திருக்காது, சினிமா காத்திருக்கும்

பெரிய டிவி வாங்கி வீட்டுக்கு வந்த மறுநாளே மகன் கேட்டான், "நெட்ஃபிளிக்ஸ் போடலாமாப்பா?" அம்மா கேட்டது வேறு: "கேபிளை நிறுத்திடுவியாடா?" இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஒரு பழைய டைரியில் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதலில், எல்லாவற்றையும் வாங்கினால் எவ்வளவு? நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இங்கே விலையைக் குறைத்து வைத்த மாதக் கட்டணம்: மொபைலுக்கு மட்டும் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649. 199ஐப் பார்த்ததும் எனக்குச் சபலம் தட்டியது. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு திரைதான். மகன் உள்ளே டேப்லெட்டில் ஆரம்பித்துவிட்டால் ஹாலில் இருப்பவர்கள் சுவரைத்தான் பார்க்க வேண்டும். ஆக, குடும்பத்துக்கு இரண்டு திரை தரும் 499தான், வருடத்துக்கு 5,988. அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தா 1,499. ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரியில் தொடங்கியபோது அதன் பிரீமியமும் வருடத்துக்கு 1,499. மொத்தம் 8,986. பிராட்பேண்ட் தனி. எங்கள் கேபிள்காரருக்குக் கொடுப்பது மாதம் 250, வருடம் 3,000.

"நாலு பேர் மல்டிபிளெக்ஸ் போனால் டிக்கெட் மட்டுமே 760, பாப்கார்ன் வேறு. அதற்கு ஒரு மாதச் சந்தா மலிவுதானே?" என்று மனைவி கேட்டாள். கணக்கு சரிதான். ஆனால் சந்தா கட்டியதற்காக நாங்கள் ஒரு முறைகூடத் தியேட்டருக்குப் போகாமல் இருந்ததில்லை. இரண்டு செலவும்தான் நடக்கிறது. அதனால் தியேட்டரை இந்த ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் கணக்கை வேறு மாதிரிப் போட்டேன். எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

அம்மாவின் எட்டு மணி சீரியல் காத்திருக்காது. செயலியிலும் அது கிடைக்கும், உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவும் அதே நேரத்தில் பார்த்துவிட்டுக் காலையில் கோலம் போடும்போது பேச வேண்டுமே! அதோடு பாஸ்வேர்டு, புரொஃபைல், "இந்த ரிமோட்ல நம்பர் எங்கேடா?" என்ற தொல்லை எதுவும் கேபிளில் இல்லை. கேபிள் இருக்கட்டும்.

ஐபிஎல்லும் காத்திருக்காது. ஆனால் அது மார்ச் கடைசியில் தொடங்கி இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது சூப்பர் திட்டம் மூன்று மாதத்துக்கு 299, வருடத்துக்கு 899. மூன்று மாதமே போதும். விளம்பரத்துக்குப் பயந்து பிரீமியம் வாங்குவதில் அர்த்தமில்லை; நேரலை ஆட்டத்தின் நடுவே அதிலும் விளம்பரம் வரும்.

சினிமாதான் காத்திருக்கும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்த நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. எந்தப் படம் எந்தத் தளத்துக்குப் போகும் என்பதுதான் குலுக்கல் சீட்டு. அதனால் பார்க்க வேண்டியவற்றை ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாளில் எழுதி வைக்கிறோம். ஒரே தளத்தில் ஏழெட்டு சேர்ந்ததும் அதற்கு ஒரு மாதம் பணம் கட்டுகிறோம். நெட்ஃபிளிக்ஸுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. இங்கே அதில் ஆண்டுத் திட்டமே கிடையாது. நிறுத்தினாலும் பத்து மாதம் வரை நம் புரொஃபைல் அப்படியே இருக்கும். பிரைமில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாதம் 299 என்றால் ஐந்து மாதத்திலேயே 1,495 ஆகிவிடும். அதற்கு மேல் பார்ப்பவர்களும், வாரத்துக்கு இரண்டு பார்சல் வரவழைப்பவர்களும் ஆண்டுச் சந்தா எடுக்கலாம். 2025 ஜூனிலிருந்து அதில் விளம்பரமும் வருகிறது. வேண்டாமென்றால் மாதம் 129 தனி.

இந்த முறையில் ஒரு ஆபத்து உண்டு, மறதி. ஒரு செயலியை நிறுத்த மறந்து நானே நாலு மாதம் வீணாகக் கட்டியிருக்கிறேன். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வரத்தான் செய்தது, கடன் விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில். இப்போது பணம் கட்டிய அன்றே யுபிஐ செயலிக்குள் போய், மாதாமாதம் பணம் தானாகப் போகும் ஆட்டோபேயை ரத்து செய்துவிடுகிறேன். கட்டிய மாதம் முழுக்கப் பார்க்கலாம்.

கேபிள் 3,000, ஐபிஎல்லுக்கு 299, நெட்ஃபிளிக்ஸ் இரண்டு மாதம் 998, பிரைம் இரண்டு மாதம் 598. ஆக 4,895. கேபிளையும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வருடம் முழுக்க வாங்கியிருந்தால் 11,986 ஆகியிருக்கும்.

மகனுக்குத்தான் மனக்குறை. வகுப்பில் எல்லாரும் பார்த்து முடித்த தொடரை இவன் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கிறான். அதற்குள் யார் சாகிறார்கள் என்பது வரை யாராவது சொல்லிவிடுகிறார்களாம். "பாட்டி சீரியல் காத்திருக்காது, என்னோடது மட்டும் காத்திருக்கணுமா?" என்று கேட்டான். நெட்ஃபிளிக்ஸ் இரண்டு மாதம் என்பதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். எந்த மூன்று மாதம் என்பதை அவனே முடிவு செய்யட்டும்.